நகர அரங்கத்துத் திடலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். பினாங்குக் குழு விளையாடும் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகத்தான். பெற்றோரிடம் அனுமதி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "பந்து பாக்கவா சார் இவ்வளவு தூரம்? டிவியில வருமே" என்று கேட்டவர்கள்தாம் அதிகம். ஆனாலும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

நகர அரங்கத்துக்கு நாங்கள் சீக்கிரமாகவே போய்விட்டோம். படிக்கட்டு இருக்கைகளில் ஆள் சேரவில்லை. பச்சைத் திடல் ஈரமாகக் கிடந்தது. எங்கள் பையன்களில் ஒருவன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "சார், ஃபைஸ் சுப்ரி அடிச்சது எந்த எடத்துலேருந்து?" என்று கேட்டான். நான் கையை நீட்டிக் காட்டினேன். பதினான்கு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி இதே திடலில் பகாங் குழுவுக்கு எதிராகப் பினாங்கு ஆட்டக்காரர் முகமட் ஃபைஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். கோல் கம்பத்துக்கு வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. கோல் காவலர் நின்ற இடத்திலேயே ஏமாந்து போனார். அந்தக் கோலுக்கு, உலகிலேயே அந்த ஆண்டின் மிகச் சிறந்த கோல் என்று ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது கிடைத்தது. 2017 ஜனவரியில் சூரிச் நகரத்து மேடையில் ஏறி அதை வாங்கிக்கொண்டார். ஆசியாவில் அந்த விருதைப் பெற்ற முதல் மனிதர் அவர்தான். பெரிய பெரிய நாடுகளின் பளபளக்கும் அரங்கங்களில் நடக்காதது, நம் ஜார்ஜ் டவுனின் பழைய திடலில் நடந்தது.

அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை. அடுத்த கேள்வியையும் கேட்டான். "நம்ம ஆளுங்க யாரும் பெருசா வரலியா சார்?"

ஆட்டம் தொடங்கிவிட்டதால் அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

மணிலாவில் பிறந்த குழந்தை

உலகக் காற்பந்தை நடத்துவது ஃபிஃபா. அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஆறு கிளைகள். ஆசியாவின் கிளைக்குப் பெயர் ஆசியக் காற்பந்துச் சம்மேளனம். 1954ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, இரண்டாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த சமயத்தில், பிலிப்பைன்சின் மணிலா நகரில் பன்னிரண்டு சங்கங்கள் கூடி இதைத் தொடங்கின. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் இருந்தன. ஐரோப்பியர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட யூஃபா பிறந்தது அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான். ஆகவே ஆசியக் குழந்தை ஒரு மாதம் மூத்தது. வளர்த்தி மட்டும் அந்த அளவுக்கு இல்லை.

முதல் நான்கு ஆண்டுகள் ஹாங்காங் பிரமுகர்கள் தலைமை ஏற்றார்கள். 1956இல் ஹாங்காங்கில் முதல் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்தவை நான்கே நாடுகள். தென்கொரியா வென்றது. நான்கு நாடுகள் ஆடுவது ஒரு கண்டத்தின் போட்டியா என்று இன்று சிரிக்கலாம். அன்று கப்பல் செலவுக்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடு.

1958இல் துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். அதன் பிறகுதான் நம் நாட்டுக்கும் ஆசியக் காற்பந்துக்கும் உள்ள நெருக்கம் தொடங்கியது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர் துங்கு. பதவி விட்ட பிறகு பினாங்கிலேயே வீடு அமைத்து வாழ்ந்தவர். 1951லேயே மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைமையை ஏற்றுக்கொண்டார். நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிய 1957இலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியையும் தொடங்கினார். பிரதமர் நாற்காலியில் இருந்துகொண்டு ஆசியக் காற்பந்தையும் கவனித்தார். 1977 வரை பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

துங்கு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1959இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஆசிய இளையோர் போட்டி. பெரியவர்களுக்குக் கிண்ணம் வைப்பது எல்லாரும் செய்வது. இருபது வயதைத் தாண்டாத பையன்களை விமானத்தில் ஏற்றி, வேறு நாட்டுக்கு அனுப்பி, வேறு நாட்டுப் பையன்களோடு ஆட விடுவது அப்போது புதுமை. அந்தப் போட்டி இன்றும் பெயர் மாறி நடக்கிறது. பெண்களுக்கான ஆசியக் கிண்ணம் 1975இல் ஹாங்காங்கில் தொடங்கியது. ஆனால் பெண்களுக்கென்று தனியாக இருந்த அமைப்பை இந்தச் சம்மேளனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1986இல்தான். பதினோரு ஆண்டுகள் வாசலில் நிற்க வைத்திருந்தார்கள். இதைச் சொன்னதும் எங்கள் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சிலியாவிலிருந்து வந்தவர்

இனி அந்தப் பையனுடைய கேள்விக்கு வருகிறேன்.

நெகிரி செம்பிலானில் சிலியாவ் என்று ஒரு சிற்றூர், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே. 1935இல் அங்கே பிறந்தவர் பீட்டர் வேலப்பன். ஆசிரியப் பணியிலிருந்து காற்பந்து நிர்வாகத்துக்கு வந்தவர். மலேசியக் காற்பந்துச் சங்கத்தில் வேலை பழகி, 1978இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளரானார். 2007 வரை, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். வேலப்பன் இருந்தார்.

பொதுச் செயலாளர் என்றால் என்ன வேலை? தலைவர் மேடையில் மாலை போட்டுக்கொள்வார். செயலாளர்தான் எந்த நாடு எந்த நாளில் யாரோடு எங்கே ஆடுவது என்று அட்டவணை போட வேண்டும். போர் நடக்கும் நாட்டுக் குழுவை எந்த நாட்டுத் திடலில் ஆட வைப்பது, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு நாடுகள் ஒரே பிரிவில் விழுந்துவிட்டால் என்ன செய்வது, நடுவர் எந்த ஊர்க்காரராக இருந்தால் சண்டை வராது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் மானேஜர் ஒருவர் இருந்தாலும், பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆளை நிரையில் விடும் கிராணி இல்லாவிட்டால் ஒரு வாளிப் பாலும் ஸ்டோருக்கு வராதல்லவா? அதுபோலத்தான். ஆனால் இந்தக் கிராணியின் நிரை ஜப்பானிலிருந்து லெபனான் வரை நீண்டது.

வேலப்பன் வாயைத் திறந்தால் நறுக்கென்று பேசுபவர் என்று பெயர். அவர் செயலாளராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2002 உலகக் கிண்ணம் முதன்முறையாக ஆசியாவில், ஜப்பானிலும் தென்கொரியாவிலும், நடக்கவிருந்தது. ஆசியாவுக்கு ஒதுக்கியவை மொத்தம் நான்கு இடங்கள். அதில் இரண்டு போட்டியை நடத்தும் அந்த இரண்டு நாடுகளுக்கே போய்விட்டன. மீதி இருந்த இரண்டு இடங்களுக்கு ஆசியாவின் மற்ற நாடுகள் எல்லாம் அடித்துக்கொள்ள வேண்டும். இது நியாயமில்லை என்று 1999 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஃபிஃபா பேராயத்தில் ஆசியப் பிரதிநிதிகள் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். பின்னர் அரை இடம் கூடுதலாகக் கிடைத்தது. அரை இடம் என்றால் ஆளைப் பாதியாக வெட்டுவதில்லை. இன்னொரு கண்டத்துக் குழுவோடு ஆடி வென்றால் உள்ளே போகலாம், அவ்வளவுதான்.

இந்த இடப் பங்கீட்டுச் சண்டைக்கு வயது அதிகம். 1966 உலகக் கிண்ணத்துக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் கோபித்துக்கொண்டு விலகின. அந்த ஒற்றை இடத்தில் போன வடகொரியா, இத்தாலியை ஒரு கோலில் வீழ்த்தி ஊருக்கு அனுப்பியது. 2026 உலகக் கிண்ணத்தில் 48 நாடுகள். அதில் ஆசியாவுக்கு நேரடியாக எட்டு இடங்கள், அதற்கு மேல் ஒரு வாய்ப்பு. ஒன்றிலிருந்து எட்டுக்கு வருவதற்கு அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

2002இல் உலகக் கிண்ணம் நடந்தபோது, ஃபிஃபாவின் சார்பில் ஒருங்கிணைப்புப் பொறுப்பையும் வேலப்பனே ஏற்றிருந்தார். தென்கொரியா அரையிறுதி வரை போய் நான்காவது இடம் பெற்றது. ஆசிய நாடு ஒன்று அந்த அளவுக்கு அதற்கு முன் ஏறியதில்லை. 2018 அக்டோபரில் வேலப்பன் கோத்தா கினபாலுவில் காலமானார். வயது 83.

பிற்காலத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த அலெக்ஸ் சூசை நம் நாட்டுக்காரர். 2015இல் அதை ஏற்ற வின்ட்சர் ஜோனும் இந்திய வம்சாவளி மலேசியர். சம்மேளனத்தின் தலைமையகம் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. இன்று அதில் 47 சங்கங்கள். சீனாவுக்கும் ஒரு வாக்குத்தான், குட்டித் தீவான குவாமுக்கும் ஒரு வாக்குத்தான். நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து என்றால் கோல் போடுகிறவனைத்தான் தெரியும். எழுதுகிறவன், கணக்குப் பார்க்கிறவன், விதி தெரிந்தவன், இரண்டு மூன்று மொழி பேசுகிறவன், இவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. கணக்குப் பாடத்துக்கு ஆள் பிடிக்கும் தந்திரம் என்று பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வானொலி அணைந்த நாள்

ஆடியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1971இல் சியோலில் மலேசியா தென்கொரியாவை ஒரு கோலில் வென்று 1972 மூனிக் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. மூனிக்கில் அமெரிக்காவை 3-0 என்று அடித்தது. அந்தக் காலத்துத் தேசியக் குழுவின் தற்காப்பில் எம். சந்திரன் மலைபோல் நின்றார். 1974இல் தெஹரான் ஆசிய விளையாட்டில் மலேசியாவுக்கு வெண்கலம். அதே ஆண்டு பினாங்கு மலேசியக் கிண்ணத்தையும் வென்றது. நமாட், அசிஸ், ஷஹாருடின் என்ற அப்துல்லா சகோதரர்களும், அலி பாக்கார், இசா பாக்கார் சகோதரர்களும் பினாங்கின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன காலம் அது. என் தகப்பனார் அந்தப் பெயர்களைச் சாமி பெயர்களைச் சொல்வதுபோல் வரிசை தவறாமல் சொல்வார்.

1980இல் மெர்டேக்கா அரங்கில் மலேசியா மறுபடியும் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அரசியல் காரணத்தால் போகவில்லை. ஜேம்ஸ் வோங் அடித்த அந்த வெற்றிக் கோலை எல்லாரும் சொல்வார்கள். மறுமுனையில் கோல் கம்பத்தைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். கிள்ளான் துறைமுகத்துக்காரர். கைகள் அவ்வளவு நீளம். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. ஒரு பக்கம் சீக்கியரான சந்தோக் சிங், ஒரு பக்கம் சோ சின் ஆன், பின்னால் ஆறுமுகம். அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே நாடு தெரியும்.

1988 டிசம்பர் 18ஆம் தேதி ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். அப்போது எனக்குப் பதினோரு வயது. வானொலியில் சேதி சொன்னார்கள். என் தகப்பனார் எழுந்து போய் வானொலியை அணைத்துவிட்டு, லயத்து வாசல் படியில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. சொந்தத்தில் சாவு விழுந்தால்தான் அப்படி உட்காருவார்கள்.

எங்கள் தோட்டத்தில் அப்போது பெரிய திடல் இருந்தது. மாலையானால் பெரியவர்கள் ஆடுவார்கள். சிறுவர்களுக்குப் பந்து கிடையாது. மரத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றி உருண்டை செய்வோம். உதைத்தால் கால் வலிக்கும். ஆனால் துள்ளும் பாருங்கள், எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது! ஃபைஸ் சுப்ரியின் பந்தைத் தொலைக்காட்சியில் முதலில் பார்த்தபோது எனக்கு ஒட்டுப்பால் பந்துதான் நினைவுக்கு வந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்களைக் கூறு போட்டு விற்றார்கள். ஆட்கள் பட்டணத்துக் குடிசைக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். திடல்கள் முதலில் போயின. பினாங்குப் பெருநிலத்தில் பத்து காவான் பக்கம் போனால் நாற்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய பெரிய அரங்கம் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காகக் கட்டியது. அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் தோட்ட நிலம். நம்மவர்கள் பால் வெட்டிய மண். அரங்கம் வந்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பதாயிரம் நாற்காலி போட்டவர்கள், பையன்கள் வெறுங்காலோடு ஓடுவதற்கு ஒரு சிறிய திடலையும் பக்கத்துத் தோட்டத்தில் விட்டு வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

பயிற்சியாளர் கே. ராஜகோபால் 2009இல் சீ விளையாட்டில் தங்கமும் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணமும் வாங்கித் தந்தார். அந்த வரிசை முழுக்க அற்றுப்போகவில்லை. மெலிந்துவிட்டது.

மூன்றுக்கு மூன்று

ஆசியக் கிண்ணத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 2019 முதல் 24 நாடுகள் இறுதிச் சுற்றில் ஆடுகின்றன. மலேசியா 1976, 1980 ஆண்டுகளில் ஆடியது. 2007இல் போட்டியை நடத்திய நான்கு நாடுகளில் ஒன்றாக இருந்ததால் ஆடியது. அந்த ஆண்டு நாம் வாங்கிய அடியைச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அப்போது புக்கிட் ஜாலிலில் நடந்த ஓர் அரையிறுதியைச் சொல்ல வேண்டும். உள்நாட்டுச் சண்டையில் வெந்துகொண்டிருந்த ஈராக், தென்கொரியாவைப் பெனால்டியில் வென்றது. பாக்தாத்தில் தெருவுக்கு வந்து ஆடிப் பாடியவர்கள் நடுவே குண்டு வெடித்துப் பலர் மாண்டார்கள். சில நாட்களில் அதே குழு ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை ஒரு கோலில் வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியது. ஷியா, சுன்னி, குர்து என்று மூன்று தரப்பாரும் சேர்ந்து ஆடிய குழு அது.

அதற்குப் பிறகு மலேசியா தானாகத் தகுதி பெற்று உள்ளே போனது, கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்த போட்டிக்குத்தான். இரண்டு ஆட்டங்களில் தோற்று, கடைசி ஆட்டத்தில் தென்கொரியாவைச் சந்தித்தது. எல்லாரும் அரை டஜன் வாங்குவோம் என்றார்கள். ஆட்டம் முடியும் நேரம் தாண்டி, 105ஆவது நிமிடத்தில் மலேசியா கோல் போட்டு 3-3 என்று சமன் செய்தது. ஆசியக் கிண்ணத்தில் அன்று நம் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தாத்தா பிறந்த ஊர்

இந்தக் கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

ஒரு நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். வேறு நாட்டில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால், தாயோ தகப்பனோ தாத்தாவோ பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இது ஃபிஃபாவின் விதி. ஆசியச் சம்மேளனமும் இதையே பின்பற்றுகிறது. ஆட்டத்துக்கு முன் அதிகாரி ஒருவர் ஆட்டக்காரரின் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் வைத்துப் பார்ப்பார்.

2025 ஜூன் 10ஆம் தேதி ஆசியக் கிண்ணத் தகுதி ஆட்டத்தில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. வெளிநாட்டில் பிறந்து, மலேசிய வம்சாவளி என்று குடியுரிமை பெற்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அவர்களில் ஏழு பேருக்காகக் கொடுத்த ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபா முடிவு செய்து, நம் சங்கத்துக்கு அபராதமும் ஏழு பேருக்கும் ஓராண்டுத் தடையும் விதித்தது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டியிருந்தார்கள். பினாங்கு என்றும் சிலருக்கு எழுதியிருந்தது. மூலப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தால் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று வந்ததாம். நல்லெண்ணத்தோடுதான் நடந்தோம் என்று ஆட்டக்காரர்களும் சங்கமும் வாதிட்டார்கள். மேல்முறையீட்டை ஃபிஃபா நவம்பரில் தள்ளியது. வழக்கு அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றத்துக்கும் போனது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறொரு நினைவு.

அன்றைக்குக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டானே, அந்தப் பையன். பெயர் வேண்டாம். எங்கள் பள்ளியில் அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டது போல் போகும். பத்து வயதில் மாவட்ட அளவில் ஒரு சிறுவர் தேர்வுக்கு அவனை அழைத்துப் போனேன். மற்றவர்களைவிட ஒரு சாண் குள்ளம், ஆனால் அன்று அவனைத் தொட யாராலும் முடியவில்லை. தேர்வாளர் என் தோளைத் தட்டி, பத்திரங்களைக் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனேன். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் 'குடிமகன் அல்லர்' என்று இருந்தது. அவர் பத்திரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் பிழையில்லை. அவருக்குக் கொடுத்த விதி அது.

பையனின் தகப்பன் நீல அடையாள அட்டைக்காரர். தாய்க்குச் சிவப்பு அட்டை. அந்தத் தாய் பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்தில்தான். பிறந்தபோது அவருடைய தகப்பனார் காலத்தோடு பதியவில்லை. இவர்களுடைய கல்யாணம் கோயிலில் நடந்தது. மேளம், தாலி, சாப்பாடு எல்லாம் இருந்தது, பதிவு மட்டும் இல்லை. பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும். தாயிடம் இல்லாததால் பிள்ளைக்கும் இல்லை. பையனின் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். நான்கு பேர்! ஃபிஃபா கேட்பது ஒரே ஒரு தாத்தாவை.

இதைப் படிக்கும் பெற்றோர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலில் தாலி கட்டினாலும், தேசியப் பதிவு இலாகாவில் கல்யாணத்தைப் பதிந்துகொள்ளுங்கள், பிள்ளை பிறப்பதற்கு முன்பே. குழந்தை பிறந்ததும் வேலை, தூரம், நாள் கூலி போகும் என்று தள்ளிப் போடாமல் பிறப்பைப் பதியுங்கள். பத்திரத்தை வாங்கியதும் அலமாரியில் வைத்துவிடாமல், எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, குடியுரிமை என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரி பள்ளிக்கும் வேண்டும், மருத்துவமனைக்கும் வேண்டும், பந்துக்கும் வேண்டும்.

பையனுக்காகக் குடியுரிமை மனு போட்டிருக்கிறோம். முதல் மனு காரணம் சொல்லாமல் திரும்பி வந்தது. இரண்டாவது போயிருக்கிறது. பாட்டிதான் என்னோடு இலாகாவுக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் புடவை மாற்றி, பொட்டு வைத்து, பழைய சம்பளச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டு வருவார். "வாத்தியாரய்யா, நான் இந்தத் தோட்டத்துல முப்பத்தெட்டு வருசம் பால் வெட்டினவ. இதைக் காட்டுனா போதாதா?" என்று கேட்பார். போதாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஜார்ஜ் டவுனிலிருந்து திரும்பிய மறு திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, வேலப்பன் கதையையும் ஆறுமுகம் கதையையும் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு, "சார், ஃபைஸ் சுப்ரி அடிச்ச எடத்துலேருந்து கோலு எத்தன அடி இருக்கும்?" என்றான். ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் என்றேன். பள்ளித் திடலில் நாங்கள் இருவரும் காலால் அளந்தோம். திடல் சின்னது. முப்பத்தைந்து மீட்டர் அளந்தால் கோட்டைத் தாண்டிக் கேண்டீன் பக்கத்துச் செம்பனை மரத்தடிக்குப் போய்விட்டது. அவன் அங்கே ஒரு கல்லை நட்டான்.

இப்போது தினமும் மதியம் பள்ளி விட்டதும் அங்கிருந்துதான் அடிக்கிறான். பெரும்பாலும் பந்து கேண்டீன் கூரையில் விழுகிறது. கேண்டீன் அக்கா என்னிடம் வந்து முறையிடுகிறார். நேற்று ஒரு முறை பந்து கூரைக்கு மேலே போய், அங்கிருந்து வளைந்து, கம்பத்தில் பட்டு வெளியே போனது. நான் ஆசிரியர் அறை சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓடிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லுக்குப் போனான்.